கயிற்றுக்கு உள்ளே நின்றவன்

புனே
22 ஜனவரி 2025

அன்புள்ள யோகலட்சுமி அக்காவுக்கு,

தம்பி செண்பகராஜ் எழுதுகிறேன். ஊரில் பிடித்த சளி இன்னும் விடவில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ, அத்தான், ஜெயப்பிரியா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலன்று காது வலிக்கிறது என்றாயே, ஆஸ்பத்திரிக்குப் போனாயா?

பஸ் ஏறியதும் அத்தானின் போனில் உன்னைக் கூப்பிட்டேன். நான் பேசப் பேச நீ 'ம், ம்' என்றாய். ஒரு சொல்கூட உன் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். பட்டாசு ஆலை வெடித்த நாளிலிருந்து உனக்குப் போன் என்றால் வெறும் இரைச்சல்தான். எழுதி அனுப்பலாம் என்றால் அந்தப் போனும் இனி அத்தானோடு ஆட்டுக்கிடையில் கிடக்கும். அதனால் இனிமேல் நமக்குக் கடிதம்தான். நான் ஊர் ஊராகப் போகிறவன். அடுத்து எங்கே தங்குவேன் என்று ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் எழுதிவிடுகிறேன்.

கோல்ஃப் மைதானத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இது சின்னப் பிள்ளைகளுக்கான போட்டி. மாதம் ஒரு ஊரில் நடக்கும். பிள்ளைகள் விமானத்தில் வருவார்கள். நாங்கள் வேனில் முன்கூட்டியே போய்ப் பந்தல் போடுவோம், வேடிக்கை பார்க்கிறவர்கள் தாண்டாமல் கயிறு கட்டுவோம், குளத்தைச் சுற்றிச் சிவப்புக் குச்சி நடுவோம், தண்ணீர் கேன் சுமப்போம். ஆட்டம் தொடங்கியதும் என்னைத் தூரத்தில் கொடியோடு நிறுத்திவிடுவார்கள். அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துக் காட்ட வேண்டும். பந்து எலுமிச்சம்பழம் அளவுதான், ஆனால் கல்லைப் போல இருக்கும்.

இந்தப் புல் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் உனக்கு வயிறு எரியும். நேற்று ஒரு தகப்பனார், மகன் அடித்த பந்து குளத்தில் விழுந்ததற்கு என்னை முறைத்தார், குளத்தை நான்தான் வெட்டினேன் என்பது போல. சென்னைக்காரப் பிள்ளை ஒன்று இருக்கிறது, நம் ஜெயப்பிரியா வயதுதான். அது மட்டும் என்னைக் கடக்கும்போதெல்லாம் "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஒரு நல்ல சேதி. ஜெயபாண்டி அண்ணாச்சி, கோவில்பட்டியில் கடை வைத்திருந்து, என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டாரே, அவர்தான் இங்கே எங்களுக்கெல்லாம் மேலாள். கோடை முடிந்ததும் என்னை வேன் டிரைவராகப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "பெரிய வண்டி லைசென்ஸ எடுத்து வையிடே, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை நினைத்துப் பார், அக்கா.

அடுத்து பெங்களூர். முகவரி பின்பக்கம்.

உங்கள் எல்லாருடைய நினைவோடும்,
செண்பகராஜ்


கழுகுமலை
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி செண்பகராஜுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம், ஆடுகளும் சுகம். உன் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். காதுக்கு டாக்டரிடம் போனேன். நரம்பு செத்துப்போச்சு, இனி வலிக்காது என்று எழுதிக் காட்டினார். வலிக்கிறதே என்றேன். சிரித்தார்.

உன் அத்தான் மக்காச்சோளம் அறுத்த காட்டில் ஆட்டுக்கிடை போட எட்டயபுரம் பக்கம் போயிருக்கிறார். நான் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய்வருகிறேன். அங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை, அது ஒரு வசதி. ஜெயப்பிரியாவைப் பள்ளிக்கூட ஹாக்கி அணியில் எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை தோறும் கோவில்பட்டி மைதானத்துக்குப் போகிறாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. "எண்ணெய் வைக்கட்டுமாட்டி" என்றால் ஓடிவிடுகிறாள்.

டிரைவர் சேதியைப் படித்துவிட்டுத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த அண்ணாச்சி கடையில் நாம் சாமான் வாங்கிய காலத்தில் அவர் நம்மை உட்காரச் சொன்னது கிடையாது. இப்போது உனக்கு இவ்வளவு செய்கிறார் என்றால் மனிதர் மாறித்தான் இருக்க வேண்டும்.

பந்து வருகிற பக்கத்தில் உன்னை நிற்க வைக்கிறார்களே, தலைக்கு ஏதாவது கொடுக்கிறார்களா? அதை எழுது.

பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடு. தேர் இழுக்க ஆள் வேண்டும்.

உன் அக்கா,
யோகலட்சுமி


பெங்களூர்
18 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கையில் சுளுக்கு. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

என்னை இப்போது சாமான் அறையில் போட்டிருக்கிறார்கள். வெயில் இல்லை, நிழல் வேலை. கயிறு, குச்சி, கொடி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். நீ பயந்தது போலப் பந்து வருகிற பக்கம் நான் இப்போது போவதே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு லீவு கிடைக்காது. ஜெயப்பிரியாவுக்கு வாழ்த்துச் சொல்.

அடுத்து ஊட்டி.

செண்பகராஜ்


கழுகுமலை
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் புது வருட ஆசீர்வாதம். வீட்டில் எல்லாரும் நலம். உன் கை எப்படி இருக்கிறது?

கை சுளுக்கினால் எழுத்து கோணும், எனக்குத் தெரியும். எழுதிய வரி மேலேயே இன்னொரு வரி ஏறுமா? உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் அப்படி ஏறியிருக்கிறது. ஜெயப்பிரியா பூதக்கண்ணாடி வைத்துப் பிரித்துப் படித்தாள். தலைக்குக் கொடுக்கிறார்களா என்று கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

உத்திரத்தன்று ஜெயபாண்டி அண்ணாச்சி காரில் கோயிலுக்கு வந்திருந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திரும்பிப் போகப் பார்த்தார். பிறகு வந்தார். கையில் இருந்த கடம்பூர் போளிப் பொட்டலத்தை அப்படியே என்னிடம் கொடுத்தார். நான் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வேன் என்று அவருக்குத் தெரியாது போல. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே பேசினார். பக்கத்தில் நின்ற ஜெயப்பிரியா எனக்குச் சொன்னாள்: "ஒங்க தம்பிக்குப் பெரிய மனசும்மா. அவனுக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிடுதோம்" என்றாராம்.

எதற்கு உனக்குக் குறை வர வேண்டும்? உன் பெரிய மனசை அவர் எப்போது பார்த்தார்?

போளியை ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

லைசென்ஸ் எடுத்தாயா? எழுது.

அக்கா


ஊட்டி
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நல்ல குளிர். உங்களுக்கு அங்கே கத்திரி வெயில் தொடங்கப் போகிறது. பகலில் தீப்பெட்டி ஆபீஸுக்கு நடந்து போகாதே, தலையில் துணி போட்டுக்கொள்.

கை சரியாகிவிட்டது. நீ எதையும் பெரிதாக நினைத்துக்கொண்டு இருக்காதே. காலையில் மூடுபனி இறங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் எல்லாம் எங்கள் சாமான் அறைக்கு வெளியே கூடி நின்று பாட்டுக் கேட்கும். வேடிக்கையாக இருக்கும்.

லைசென்ஸ் இப்போதைக்கு எடுக்கவில்லை. டிரைவர் என்றால் சாப்பாடு, தூக்கம் ஒழுங்காக இருக்காது. யோசித்துப் பார்த்தேன், சாமான் அறையே எனக்கு நல்லது. தெருவில் சொன்னவர்களிடம் அவனாகத்தான் வேண்டாம் என்றான் என்று சொல்லிவிடு.

அண்ணாச்சியைப் பற்றி அப்படி எழுதாதே. வேலை கொடுத்தவர். போளியை ஆட்டுக்குப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி பெங்களூர் போகிறோம்.

செண்பகராஜ்


கழுகுமலை
25 மே 2025

தம்பி,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜெயப்பிரியா கோடைப் பயிற்சிக்குப் போயிருந்தாள். இடைவேளையில் பிள்ளைகள் எல்லாம் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். அவளும் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். யாரோ ஒரு ஆள் கொடியோடு நிற்கிறான், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறான், பந்து வந்து முகத்தில் அடிக்கிறது, ஆள் விழுகிறான், பந்து துள்ளிப் போய்க் கொடி நட்ட குழி பக்கத்தில் நிற்கிறது. மறுதடவை ஓடவிட்டபோதுதான் அவள் சிரிப்பை நிறுத்தியிருக்கிறாள். அந்தப் போனை வாங்கி, "இத எங்கம்மாட்ட காட்டிட்டுத் தாரேன்" என்று சொல்லிக் கழுகுமலை பஸ் ஏறி வந்துவிட்டாள். போனுக்குச் சொந்தக்காரப் பிள்ளையும் கூடவே வந்து வாசலில் நின்றது.

நானும் பார்த்தேன். நீ விழுகிறாய். பிறகு பின்பக்கமாக எழுந்திருக்கிறாய், மறுபடி விழுகிறாய். அப்படி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நீ விழும்போது மேளச் சத்தம் வைத்திருக்கிறார்கள் என்று ஜெயப்பிரியா சொன்னாள். எனக்கு அது கேட்கவில்லை. கீழே சிரிக்கிற மூஞ்சிப் பொம்மைகள் வரிசையாக. உலகத்திலேயே அதிர்ஷ்டக்காரப் பந்து என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம்.

வரி மேல் வரி ஏறியது இதனால்தானே? எந்தக் கண்? எவ்வளவு போயிருக்கிறது? இதை மட்டும் உண்மையாக எழுது.

இன்னொன்று. எது வந்தாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே. எனக்குக் காது போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆப்பிள் கொண்டு வந்தார்கள், தலையைத் தடவினார்கள், தாளை நீட்டினார்கள். போட்டேன். வெடிமருந்துத் தட்டை நான்தான் அசட்டையாகத் தரையில் போட்டேன், அதனால்தான் வெடித்தது என்று அதில் இருந்ததாம். நான் அன்று தட்டையே தொடவில்லை. அதன் பிறகு நஷ்டஈடு கேட்டு எந்த வாசலுக்குப் போனாலும் அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். நீ போட்டுவிடாதே, தம்பி. ஒரு புள்ளிகூட வைக்காதே.

உடனே எழுது.

அக்கா


பெங்களூர்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கண். முழுவதும்.

நீ எழுதியதை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. பிப்ரவரி கடைசியில், இதே பெங்களூரில் நடந்தது. கடைசி நாள் ஆட்டம், பந்தைப் போட வேண்டிய கடைசிக் குழி. குளம் என் முதுகுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியேதான் நின்றேன். வாக்கி டாக்கியில் அண்ணாச்சி, "செண்பகராசு, கேமராக்காரனுக்கு ஒன் கொடி தெரியல, நாலு எட்டு உள்ள வந்து நில்லுடே" என்றார். உள்ளே போனேன். அடித்தது அந்தச் சென்னைப் பிள்ளை. வெயில் எதிர்ப்பக்கம். பந்து கிளம்பியதைப் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை.

வலி உடனே தெரியவில்லை. புல்லில் கிடந்தேன். என்னைச் சுற்றிக் கால்கள். அதிகாரி ஒருவர் ஓடிவந்து, தற்செயலாக ஆள் மேல் பட்டால் தப்பு கிடையாது, பந்து கிடக்கிற இடத்திலிருந்து ஆடலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார். அது விதி. நான் இல்லாவிட்டால் பந்து குளத்துக்குள் போயிருக்கும். என்னை ஓரமாகத் தூக்கி வைத்தார்கள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே அடித்தது போல இருந்தது. கைதட்டுகிற சத்தம் கேட்டது. அது ஜெயித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

கையெழுத்தா? உன் கடிதம் வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே போட்டாயிற்று, அக்கா. இரண்டு கண்ணையும் கட்டியிருந்தார்கள். அண்ணாச்சிதான் வாசித்துக் காட்டினார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்க்கும் என்று வாசித்தார். "நம்மூர்க்காரன் நான் சொல்லுதேன், போடுலே. ஒனக்கு வேல நிச்சயம்" என்றார். விரலைப் பிடித்து இடம் காட்டினார். யாரும் சொல்லாமல் நானாகவே கயிற்றுக்கு உள்ளே போய் நின்றேன் என்பதும் அதில் இருந்தது என்று கட்டுப் பிரித்த பிறகு தெரிந்தது.

டிரைவர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஒற்றைக் கண்ணுக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்.

ஜூலையில் கோயம்புத்தூரில் இந்த வருடத்துக் கடைசிப் போட்டி. பரிசளிப்பில் எனக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா ஏற்பாடு. பிள்ளை அந்த நாளை நினைத்துச் சரியாக ஆடுவதில்லையாம். நான் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டு நின்றால் அதற்குத் தைரியம் வருமாம். சரி என்றுவிட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் எங்கே போவேன்?

அத்தானிடம் மெதுவாகச் சொல்.

செண்பகராஜ்


கழுகுமலை
20 ஜூலை 2025

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நானும் ஜெயப்பிரியாவும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். உன் கடிதத்துக்குத் தாளில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் கோயம்புத்தூருக்கு நேரில் வந்தேன். வந்ததில் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

உள்ளே வர யாரும் எங்களைத் தடுக்கவில்லை. என் சேலையைப் பார்த்துப் பெருக்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். நீ மேடை ஏறினாய். எவ்வளவு மெலிந்துபோய்விட்டாய். படி தெரியாமல் இடது காலைத் தடவி வைத்தாய். அதை மேடையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பின்னால் பெரிய திரையில் நீ விழுந்தாய், எல்லாரும் கைதட்டினார்கள். இவர்தான் நமது அதிர்ஷ்ட அண்ணா என்று சொன்னார்கள் என்று ஜெயப்பிரியா என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். அந்தப் பிள்ளை பூச்செண்டு கொடுத்தது. நீ சிரித்தாய்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மேடை ஏறி உன் கண்ணாடியைக் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை. நானே அப்போதுதான் பார்த்தேன், அந்த இடத்தை.

அந்தப் பிள்ளையும் பார்த்தது. அதன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அதற்கு யாரும் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். ஜெயபாண்டி அண்ணாச்சி என் முன்னால் வந்து கையை ஆட்டினார். "ஏம்மா, பச்சப்பிள்ளைய இப்பிடிப் பயங்காட்டுதியே" என்றாராம். பிறகு உன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாய். உன் உதடு எனக்குத் தெரியவில்லை. அதற்குள் இரண்டு காவல்காரப் பெண்கள் என் கையைப் பிடித்து வெளியே நடத்திவிட்டார்கள்.

நீ என்ன சொன்னாய்? ஜெயப்பிரியாவைக் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன், வீட்டில் வந்து கேட்டேன். தெரியாது, கேட்கவில்லை என்கிறாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எனக்காக அவர்களிடம் சண்டை போட்டாயோ? அதனால் வேலைக்கு ஏதும் ஆபத்தா? எழுது.

உன் அக்கா


கழுகுமலை
17 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

ஜெயப்பிரியா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மாவட்டப் போட்டிக்கு எங்கள் அணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா உங்கள் பதிலுக்காகத் தினமும் தபால்காரரைப் பார்க்கிறாள். எங்கள் தெருவில், "என் தம்பி எனக்காக மேடையிலேயே ஏதோ கேட்டுட்டான் போல, அதான் எழுத முடியாம இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அப்பாவிடமும் அதையே சொல்கிறாள்.

அண்ணாச்சி அம்மாவைத் தெரிந்துகொண்டே, எல்லார் முன்னாலும் "இது யாருடே?" என்று கேட்டபோது நீங்கள் சொன்னதை நான் கேட்டேன். "தெரியாது அண்ணாச்சி. யாரோ கிறுக்கு போல" என்றீர்கள். அந்தக் காவல்கார அக்காமார் இழுத்தபோது நான் "மாமா" என்று கூப்பிட்டேன். நீங்கள் என்னையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கண் தெரியாததால் பார்க்கவில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகுதான் நான் உங்கள் வலது பக்கம் நின்றது ஞாபகம் வந்தது.

நான் அம்மாவிடம் சொல்லமாட்டேன். என்னால் அதை அவள் கையில் எழுத முடியாது. நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜெயப்பிரியா


சூலூர்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. உங்கள் எல்லாருக்கும் சுகம் வேண்டுகிறேன். கோயம்புத்தூர் முகவரிக்கு வந்த தபாலைக் கூட வேலை பார்த்த பையன் ஒருவன் கொண்டுவந்து தந்தான். இத்தனை நாள் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை.

அன்று அண்ணாச்சி உன்னைத் தெரிந்துகொண்டே, எல்லார் முன்னாலும் இது யார் என்று கேட்டார். தெரியாது, யாரோ கிறுக்கு போல என்று சொன்னேன். இதைத்தான் சொன்னேன். பிள்ளையைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே, அது உனக்காக மறைத்தது.

உன்னைத் தெரியும் என்று சொல்லியிருந்தால், நானே உன்னை வரவழைத்துப் பிரச்சினை செய்தேன் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த நேரத்தில் அது மட்டும்தான் மனதில் இருந்தது. எனக்கு உன் மேல் கோபமும் இருந்தது. நானே கண்ணாடியில் பார்க்காத இடத்தை நீ ஊருக்கே காட்டிவிட்டாய்.

அதோடு முடியவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, மட்டையைத் தொடவில்லை என்றார்கள். அதன் அப்பா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். கண் பிறவியிலேயே அப்படித்தான், அன்று பட்டது நெற்றியில்தான் என்று நான் பிள்ளையிடம் சொன்னால் போதும் என்றார். சொன்னேன், அக்கா. அது என் வலது கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தது. "ப்ராமிஸா, அண்ணா?" என்று கேட்டது. "ஆமா பாப்பா" என்றேன். அதன் தோள் அப்படியே இறங்கியது. சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகச் சொன்னேனா, வேலைக்காகச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்தால் பிள்ளைக்கு மறுபடி சந்தேகம் வருமாம். அண்ணாச்சிதான் வந்து சொன்னார். "நான் என்னடே செய்ய, அவிய முடிவு" என்றார். பஸ் நிலையம் வரைக்கும் கொண்டு விடுகிறேன் என்றார். நடந்தே போய்விட்டேன்.

அந்தப் பிள்ளை போன மாதம் வெளிநாட்டில் ஆடிக் கோப்பை வாங்கியிருக்கிறது. பேப்பரில் படம் வந்தது.

இங்கே ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறேன். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு காவல். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊருக்கு வர எனக்கு முகம் இல்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் தப்பில்லை.

செண்பகராஜ்


கழுகுமலை
28 செப்டம்பர் 2025

செண்பகராஜுக்கு,

வீட்டில் சுகம். ஆவணியில் ஒரு மழை பெய்தது, உளுந்து விதைத்திருக்கிறார்கள். ஜெயப்பிரியாவின் அணி மாவட்டப் போட்டியில் தோற்றுவிட்டது. அவள் ஒரு கோல் போட்டாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு தடவைதான் படித்தேன். அத்தானிடம் கொடுக்கவில்லை. தெருவில் நான் சொல்லி வைத்ததை மாற்றிச் சொல்லவும் இல்லை.

கிறுக்கு என்று என்னைத் தீப்பெட்டி ஆபீஸில் சொல்வார்கள். காது கேட்காதவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சொல்கிற சொல் அது. நீயும் அதையே எடுத்திருக்க வேண்டாம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அந்தப் பிள்ளையிடம் நீ சொன்னதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அது நிம்மதியாகத் தூங்கட்டும். ஆனால் அதன் நிம்மதிக்கு உன்னை ஏன் கேட்டார்கள் என்று மட்டும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் சும்மா இருந்தேன். ஆபீஸில் வேலை ஓடவில்லை. பிறகு கோவில்பட்டிக்குப் போனேன். ரேணுகாதேவி என்று ஒரு வக்கீல், தொழிலாளர் வழக்கெல்லாம் எடுக்கிறவர். ஜெயப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் பேசுவதை எனக்கு எழுதிக் காட்ட. கண்ணைக் கட்டியிருந்தவனிடம் வாங்கிய கையெழுத்து என்றால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது என்றார். என் கையெழுத்துக்குக் காலம் கடந்துவிட்டது, உன்னுடையதற்கு இன்னும் கடக்கவில்லை என்றார். ஜெயிக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ நேரில் வந்து, யார் உன்னை உள்ளே போகச் சொன்னது என்று பெயரைச் சொல்ல வேண்டும். ஜெயபாண்டி அண்ணாச்சியின் பெயரை, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடிந்தால் வா. தீபாவளிக்குள் வந்தால் நல்லது என்றார். இங்கே உனக்குச் சோறு இருக்கும், படுக்க இடம் இருக்கும். நான் உன்னோடு பேச நாளாகும். அதற்காக வராமல் இருந்துவிடாதே.

கிளம்பும்போது வக்கீல் அம்மா ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். 'நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?' என்று அதில் எழுதியிருந்தது. ஜெயப்பிரியா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அக்கா என்று எழுதிக் கொடுத்தேன்.

யோகலட்சுமி